பெரிய கோயிலிலிருந்து வரப்பு வரைக்கும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "தஞ்சாவூரில் இரண்டு நாள், அப்புறம் பக்கத்தில் ஏதாவது கிராமத்தில் இரண்டு நாள் இருந்து பாருங்கள்" என்று போகிறபோக்கில் எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை சினிமா, அரசியல், கிரிக்கெட் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். தஞ்சாவூரும் அதைச் சுற்றியுள்ள காவிரி டெல்டாவும் மட்டும்.

சேலம் வாசகி: போன மே மாதம் குடும்பத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் போனோம். பச்சை வயல் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டிக் கூட்டிப் போனால் கண்ணுக்கெட்டிய வரை காய்ந்த தரை. எப்போதுதான் போக வேண்டும்?

டெல்டாவுக்குக் கிளம்புகிறவர்கள் பள்ளிக்கூட விடுமுறைப் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை, மேட்டூர் அணையைப் பார்க்க வேண்டும். அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. அன்று திறந்துவிட்டால் சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள், பிறகு கிளையாறு, வாய்க்கால், மடை என்று இறங்கி இறங்கிக் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும். அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் தேதி தள்ளிப்போகும், குறுவை என்கிற முதல் போக நெல்லே இல்லாமலும் போய்விடும். ஆகவே ரயில் டிக்கெட் போடும் முன்னால் பேப்பரில் தினமும் போடுகிற மேட்டூர் நீர்மட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மொத்தம் 120 அடி. பாதிக்குக் கீழே கிடந்தால் உங்கள் திட்டத்தையும் கொஞ்சம் தள்ளிப் போடுவது நல்லது.

தண்ணீர் ஒழுங்காக வந்த வருஷத்துக் கணக்கு இது: ஜூன் கடைசி, ஜூலையில் குறுவை நடவு. செப்டம்பர் வாக்கில் அறுவடை தொடங்கும். அதற்குள் இன்னொரு பக்கம் சம்பா வேலை ஆரம்பித்திருக்கும், குறுவை அறுத்த வயலில் தாளடி நடுவார்கள். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் புயல் வந்தால் ஊரே தண்ணீரில் நிற்கும், அப்போது சுற்றுலா என்று போய் நின்றால் விவசாயிக்கு எரிச்சல்தான் வரும். டிசம்பர் கடைசி, அதாவது உங்கள் அரையாண்டு விடுமுறை, என்னைக் கேட்டால் அதுதான் நல்ல நாள். சம்பா கதிர் விட்டிருக்கும், பயிர் இடுப்பு உயரம் நிற்கும், வெயில் சுடாது. மழை வரலாம், குடை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் போனால் பச்சை குறைந்து மஞ்சளாகியிருக்கும், அறுவடை இயந்திரச் சத்தம், கொள்முதல் நிலைய வாசலில் மலை மலையாக நெல், ரோட்டில் பாதியை மறித்துக் காயப்போட்ட நெல். அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஜனவரி 28 வாக்கில் அணையை மூடிவிடுவார்கள். பிறகு உளுந்து, பயறு.

மே மாதம்தான் முடியும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் பக்கம் பம்புசெட் உள்ளவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் முன்பட்ட குறுவை நட்டிருப்பார்கள். அந்த ஊர்களுக்குப் போங்கள், கோடையிலும் பச்சை கிடைக்கும். நீங்கள் கடைமடைப் பக்கம் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அங்கே மே மாதத்தில் ஆடுமாடுகூட நிழலைத் தேடித்தான் நிற்கும்.

திருப்பூர் வாசகர்: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே? எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்?

காலையிலோ மாலையிலோ எப்போது போனாலும் தெரியும், ஏனென்றால் நிழல் நன்றாகவே விழுகிறது. அதில் உட்கார்ந்துதான் பாதிப் பேர் புளியோதரை சாப்பிடுகிறார்கள்.

இந்த நிழல் கதையை விட்டுவிட்டு, விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். சுவர் முழுக்க எழுத்து. தான் கொடுத்தது, தன் அக்கன், அதாவது அக்கா, கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னவர் ராஜராஜன். கோயில் 1010இல் முடிந்தது. கல்வெட்டில் எனக்குப் பிடித்த பகுதி, கோயிலில் ஆடுவதற்காகக் கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்று வரிசையாக, முகவரிப் புத்தகம் தோற்றுப்போகும். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருமானம், வருஷத்துக்கு நூறு கலம் நெல். கலம் என்பது அந்தக் காலத்து முகத்தல் அளவு. ஆடுகிறவருக்கு நெல், வாசிக்கிறவருக்கு நெல், கணக்கு எழுதுகிறவருக்கு நெல். கல் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம், அந்தக் கல்லை அடுக்கி நிறுத்தியதும் அப்புறம் கோயிலை நடத்தியதும் சுற்றிலும் விளைந்த நெல்தான். அதனால்தான் கோயிலைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்களிடம், வயலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலை ஆறரைக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தரை வெறுங்காலில் நிற்க விடாது. பகல் சாத்திவிட்டு மாலை நாலு மணிக்குத் திறப்பார்கள், விமானத்தில் மஞ்சள் வெயில் ஏறுவதும் அப்போதுதான்.

கோவை வாசகர்: தஞ்சை நகரில் பெரிய கோயிலைத் தவிர ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது. எது?

அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகன தேவர். திருவெண்காட்டில் கிடைத்த செப்புத் திருமேனி, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெயரில் ரிஷபம் இருக்கிறதே தவிர ரிஷபம் இல்லை, காணாமல் போய்விட்டது. சிவன் மட்டும் ஒரு காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, இல்லாத காளையின் மேல் ஒரு கையைச் சாய்த்தபடி நிற்கிறார். தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, அதில் பாம்பு. காளை இல்லாததே ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று என்று தோன்றும், அந்தக் கை காற்றிலேயே அவ்வளவு சொகுசாக ஊன்றியிருக்கிறது. பக்கவாட்டிலும் போய் நின்று பாருங்கள், இடுப்பு வளைவு அங்கிருந்துதான் சரியாகத் தெரியும்.

பக்கத்திலேயே சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, இரண்டாம் சரபோஜி ஆசையாகச் சேர்த்ததெல்லாம் அங்கே. கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் நுழையுங்கள்.

மதுரை வாசகர்: தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு நாலுவழிச் சாலை வந்துவிட்டது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்கிறார் என் மைத்துனர். சரிதானே?

மைத்துனர் சொல்வது சரி. அப்படிப் போனால் டோல்கேட்டும் லாரியும் பார்க்கலாம்.

நேரம் இருக்கிறது என்றால் திருவையாறு வழியாகப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதிமூன்று கிலோமீட்டர்தான், அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். பிள்ளைகள் காரில் இருந்தால் எண்ணச் சொல்லுங்கள், தூங்க மாட்டார்கள். ஐந்தாவது பாலம் தாண்டியதும் ஊர். ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி, ஜனவரி வாக்கில் ஆராதனை நடக்கிற இடம், மற்ற நாளில் படித்துறையில் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். கடைத்தெருவில் அசோகா அல்வா சுடச்சுட வாங்கிக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பில் செய்வது, ஆறினால் பாதி ருசி போய்விடும், பார்சல் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகிற யோசனையே வேண்டாம்.

அங்கிருந்து கிழக்கே திரும்பி ஆற்றை ஒட்டியே போகிற ரோடு. திங்களூர், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று கும்பகோணத்தில் கொண்டுபோய் விடும். வாழைத்தோட்டம், நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால், அகத்தி மரம் நெருக்கமாக நட்டு அதில் கொடி ஏற்றியிருப்பார்கள், உள்ளே நுழைந்தால் வெளியே இருந்த வெயில் எங்கே போனது என்று தெரியாது. கேட்காமல் உள்ளே போகாதீர்கள், கொடிக்கால்காரர்கள் செருப்புக்காலோடு யாரையும் விட மாட்டார்கள். ரோடு குறுகல், எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். மைத்துனரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கபிஸ்தலத்தில் ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் பாபநாசம். அங்கே திருப்பாலைத்துறைக் கோயிலுக்குள் செங்கல்லால் கட்டிய ஒரு பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது, நாயக்கர் காலத்தது, வட்டமான சுவர், மேலே கூம்பிய மூடி. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். மேலே ஒரு திறப்பு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, நெல் ஏற ஏற ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போயிருப்பார்கள், எடுக்கும்போது கீழிருந்து எடுக்கலாம். தஞ்சைப் பயணப் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை, பெரிய கோயில் கல்வெட்டில் நூறு கலம் என்று படித்துவிட்டு வந்தவருக்கு அந்த நூறு எவ்வளவு என்று கண்ணால் அளந்து பார்க்க இதைவிட வேறு இடம் கிடையாது.

கரூர் வாசகி: ஒன்பது நவக்கிரகக் கோயிலும் ஒரே நாளில், மறுநாள் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், தரங்கம்பாடி. வேன் பேசிவிட்டோம். வேறு ஏதாவது சேர்க்கலாமா?

ஒரு படுக்கை சேர்க்கலாம்.

வேண்டுதலுக்காக நவக்கிரகம் போகிறீர்கள் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை, போய்வாருங்கள். கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே அதற்கென்று சுற்றுலாப் பேருந்து விட்டிருக்கிறது. ஆனால் மறுநாளும் அதே ஓட்டம் ஓடினால் தாராசுரத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பெரிய கோயில் மாதிரி அண்ணாந்து பார்க்க வேண்டாம், குனிந்து பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவுச் சிற்பங்கள். ஓரிடத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். காளையின் உடம்பைக் கையால் மறைத்தால் யானை, யானையை மறைத்தால் காளை. உங்கள் வேனில் உள்ள சின்னப் பிள்ளைகளை அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அறுபத்துமூவர் கதையைச் சொல்லும் குட்டிக் குட்டிச் சிற்பங்களைப் பாருங்கள். அதற்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். தரங்கம்பாடியை எடுத்துவிடுங்கள்.

சென்னை வாசகர்: கிராமத்தில் தங்குங்கள் என்று எழுதிவிட்டீர்கள். எங்களுக்கு டெல்டாவில் சொந்தக்காரர் யாரும் கிடையாது. யார் வீட்டில் போய்த் தங்குவது?

நல்ல கேள்வி. காசு இருந்தால் கும்பகோணம், சுவாமிமலைப் பக்கம் பழைய வீடு மாதிரி கட்டி ஓடு வேய்ந்த விடுதிகள் இருக்கின்றன, வாசலில் கோலம், திண்ணையில் பல்லாங்குழி, சாயங்காலம் மாட்டு வண்டிச் சவாரி. வசதியாக இருக்கும், கிராமமாக இருக்காது.

இன்னொரு வழி எளிது. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், இவற்றில் ஏதாவது ஒரு ஊரில் சாதாரண லாட்ஜில் ரூம் போடுங்கள். காலை ஐந்தரை, ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கேள்விப்படாத ஊர்ப் பெயர் போட்ட டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுங்கள். பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. அந்த நேரத்து பஸ்ஸில் பால் கேன், பூக்கூடை, வேலைக்குப் போகிறவர்கள், டியூஷன் போகிற பிள்ளைகள். இறங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை கட்டாயம் இருக்கும். "சும்மா ஊரைப் பார்க்க வந்தோம்" என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள், நிலம் வாங்க வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். இல்லை என்று தெரிந்ததும் அவர்களே அய்யனார் கோயிலுக்கும் ஆற்றங்கரைக்கும் வழி சொல்லிவிடுவார்கள். திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில ஊருக்கு அடுத்த பஸ் மத்தியானம்தான்.

மன்னார்குடியில் தங்கினால் ஹரித்ரா நதியைச் சுற்றி மாலையில் ஒரு நடை. பெயர் நதி, ஆனால் குளம், நடுவில் கோயில். திருவாரூரில் தங்கினால் கமலாலயம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரில் சொல்வார்கள். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறீர்கள் என்றால் இரவில் வருகிற உழவன் எக்ஸ்பிரஸைவிடப் பகலில் வருகிற சோழன் எக்ஸ்பிரஸ் நல்லது. மயிலாடுதுறை தாண்டினால் தஞ்சாவூர் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்தே பாதி டெல்டாவைப் பார்த்துவிடலாம்.

பெங்களூரு வாசகி: என் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. வயலில் இறங்கி நடவு நட விடுவார்களா? சேற்றில் விளையாட ரொம்ப ஆசை.

கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், அதுவும் குழந்தைகள் என்றால் சிரித்துக்கொண்டே ஒரு நாற்று முடியைக் கையில் கொடுப்பார்கள். ஆனால் நடவு என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கூலி வேலை, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி இறங்கியிருப்பார்கள், உங்கள் பிள்ளைகளால் அது தாமதமானால் அவர்களுக்குத்தான் நஷ்டம். டீ இடைவேளையில் கேளுங்கள். அவர்கள் நடுவதைக் கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்: வரிசையாகக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே, இடது கையில் நாற்று முடி, வலது கை விரல் நுனியில் மூன்று நாலு நாற்றைப் பிரித்துச் சேற்றில் அழுத்திவிட்டு அடுத்தது. கண் இமைக்கும் நேரம். இப்போது பல இடத்தில் இயந்திர நடவு, சில ஊரில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்கள் நடுகிறார்கள், அதனால் நடவுப் பாட்டு கேட்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், போனில் பாட்டு ஓடும்.

மூன்று விஷயத்தை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவராக நடக்க வேண்டும், மிதித்து உடைத்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். மடையைத் திறந்து விளையாடக் கூடாது, யாருக்கு எப்போது தண்ணீர் என்பதில் அங்கே அண்ணன் தம்பியே பேசாமல் இருக்கிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம்: ஆறு. காவிரியும் கொள்ளிடமும் மேலே முழங்கால் அளவு ஓடுகிற மாதிரி இருக்கும், அடியில் மணல் அள்ளிய பள்ளம் ஆளை விழுங்கும். ஒவ்வொரு வருஷமும் வெளியூர்க்காரர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் இருக்கும்போது, படியிலேயே குளிக்கட்டும்.

திருச்சி கல்லூரி மாணவர்: பச்சைப் பசேல், படித்துறை, அசோகா அல்வா என்றே எழுதுகிறீர்கள். அந்த வயலில் இறங்கினவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதா?

உண்டு. சொல்லவும் வேண்டும்.

நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர்ப் பக்கம் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, உயிர் தப்ப ஒரே குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சங்கம் சேர்ந்ததும், அறுவடைக் கூலியில் கூடுதலாகக் கொஞ்சம் நெல் கேட்டதும்தான் அவர்கள் செய்தது. வழக்கில் கீழ்க் கோர்ட் தண்டித்த நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அங்கே நினைவிடம் இருக்கிறது, வருஷாவருஷம் டிசம்பர் 25 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். மற்ற நாளில் ஆளரவம் குறைவு.

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற வழியில்தான் கீழ்வேளூர். வேளாங்கண்ணி, நாகூர் என்று அந்த ரோட்டில் போகாதவர்களே கிடையாது. வண்டியைத் திருப்பிப் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு வரலாம். யாருக்கு எத்தனை கலம் நெல் என்று ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்த கணக்கைத் தஞ்சாவூரில் பார்க்கிறோம், அந்த நெல்லை அறுத்தவனுக்கு எவ்வளவு என்று கேட்டபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அல்வாவைப் பற்றி எழுதியதற்கு நான் வருத்தப்படவில்லை, இரண்டும் அதே நிலத்தில்தான் இருக்கிறது.

ஈரோடு வாசகர்: சுவாமிமலையில் சிலை வார்ப்பதை நேரில் பார்க்க முடியுமா?

பட்டறைக்குப் போய்க் கேட்டால் மெழுகு வேலையும் ராவுகிற வேலையும் காட்டுவார்கள். உருக்கி ஊற்றுவது தினமும் நடக்காது, அன்றைக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாகக் குழைத்து முதல் பூச்சுப் பூசுவார்கள். அந்த மண் விரல் ரேகையைக்கூடப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் சிலையில் நகக்கண் வரை வருகிறது. காய்ந்த பிறகு மேலே கனமான மண், கம்பிக்கட்டு, அப்புறம் சூடாக்கினால் மெழுகு ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், ஆகவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். வாங்குவதாக நடித்து விலை கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பார்க்க வந்தோம் என்று சொன்னாலே மரியாதையாகக் காட்டுகிறார்கள்.

விழுப்புரம் வாசகர்: நாலு நாளில் கடைசி ஒரு நாளைக் கடல் பக்கம் வைக்கலாமா?

தாராளமாக. முத்துப்பேட்டை, கோடியக்கரை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முத்துப்பேட்டையில் படகில் ஏறி அலையாத்திக் காட்டுக்குள் போகலாம், வனத்துறை அனுமதி வேண்டும், காலையிலேயே போவது நல்லது. கோடியக்கரையில் வெளிமான் கூட்டம் கூட்டமாகத் திரியும், குளிர்காலத்தில் வலசைப் பறவைகள், பூநாரை. அங்கே போகிற வழியில் வேதாரண்யம், ரோட்டின் இருபக்கமும் உப்பளம் வெள்ளை வெளேர் என்று கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு எடுத்தது இங்கேதான். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வந்தார்கள். அவர்கள் ஏப்ரல் வெயிலில் நடந்து கடந்ததைக் காரில் கடக்கும்போது ஏசி சரியில்லை என்று புலம்பக் கூடாது.

2018 கஜா புயலில் இந்தப் பக்கம் தென்னை ஏராளமாகச் சாய்ந்து போனது. தோப்புகளில் மரங்கள் இளசாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

ஓசூர் வாசகர்: கும்பகோணம் டிகிரி காபி உண்மையிலேயே கும்பகோணத்தில் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் பித்தளை டம்ளர் படம் போட்ட போர்டைக் கண்டு வண்டியை நிறுத்தாமல், ஊருக்குள் பழைய ஓட்டலில் காலை ஆறு மணிக்குப் போனால் கிடைக்கும். இட்லிக்குக் கடப்பா இருக்கிறதா என்றும் கேளுங்கள், எல்லா நாளும் போட மாட்டார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு மாதிரி இருக்கும், ஒருமுறை சாப்பிட்டால் சாம்பாரைக் கொஞ்ச நாள் மறந்துவிடுவீர்கள்.

நாமக்கல் வாசகி: திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்? தலையாட்டி பொம்மை வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, தலைதான் ஆடவில்லை.

அடியில் கனமில்லாமல் செய்தது ஆடாது. அடுத்த முறை வாங்கும்போது கடையிலேயே சாய்த்துப் பார்த்து, தானாக எழுந்து நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குத்துவிளக்கு வேண்டும் என்றால் நாச்சியார்கோயில், கும்பகோணத்திலிருந்து பக்கம்தான். எடை போட்டு விலை சொல்வார்கள், திருகு எல்லாம் சரியாக உட்காருகிறதா என்று கழற்றி மாட்டிப் பாருங்கள். கொஞ்சமாகச் செலவு செய்ய வேண்டும் என்றால் பாரம்பரிய நெல்லில் குத்திய அரிசி, மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா மாதிரி. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நூற்றுக்கு மேற்பட்ட பழைய ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி, விதை கொடுத்துப் பரப்பியவர், 2018இல் காலமானார். அவரிடம் விதை வாங்கிப் போனவர்கள் இன்றைக்கு டெல்டா முழுக்க இருக்கிறார்கள், நேராக அவர்களிடமே வாங்கலாம். மாப்பிள்ளைச் சம்பாவை இரவே ஊற வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் வேகாது. அப்புறம் வெற்றிலை. ஒரு கவுளி வாங்கி ஈரத்துணியில் சுற்றி வாழை மட்டைக்குள் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள், நாமக்கல் போய்ச் சேருகிற வரைக்கும் வாடாது.